ஃபார்மட் போடுவதற்கு முன்

கேள்வி

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துல எங்களுக்குத் தோட்டமும் ஒரு சின்னக் கோழிப்பண்ணையும் இருக்குதுங்க. 2014-ல பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் குடுத்த லேப்டாப்பத்தான் இன்னும் வெச்சிருக்கறேன். தீவனம் வந்தது, முட்டை போனது, ஆள் கூலி எல்லாமே அதுல எக்செல்லதான் எழுதறேன். இப்ப ஒண்ணு மாத்தி ஒண்ணு தொந்தரவு. ஆன் பண்ணினா கால் மணி நேரம் ஆகுது. கணக்கத் திறந்தா அப்படியே ஹேங் ஆகி நிக்குது. ஒயரப் பிடுங்கினா அந்த நிமிசமே ஆஃப். ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி 2012-க்குப் போயிருது, பேங்க் வெப்சைட்டும் திறக்க மாட்டேங்குது. மத்தியான நேரத்துல ஃபேன் இரைஞ்சு இரைஞ்சு தானா நின்னுருது. கை வெச்சா சுருக்குனு ஷாக் அடிக்குது. எங்க அப்பா தமிழ்ல டைப் பண்ணி வெச்ச பழைய ஃபைலெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கிறுக்கலாத் தெரியுது. சில சமயம் உள்ளார டக் டக்குனு சத்தம் வேற. ஒரு கடையில காட்டினோம். ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏத்திரலாம், இல்லேன்னா புதுசு வாங்கிக்கங்கன்னாங்க. புதுசு வாங்கற நெலமயில இப்ப இல்லீங்க. இதுல எது நெசமான கோளாறு, எதுக்குச் செலவு பண்ணலாம், எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க.

வாசகி, சேந்தமங்கலம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

டக் டக்கென்று சத்தம் வருவதாகக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஷாக்கைத் தவிர மற்ற தொந்தரவுகளெல்லாம் ஒரு மாதம்கூடப் பொறுக்கும். இது பொறுக்காது. அந்தச் சத்தம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருவது. உள்ளே சுழலும் தட்டின்மேல் நகர்ந்து தகவலைப் படிக்கிற முனை, தேடிய இடத்தைப் படிக்க முடியாமல் பின்வாங்கித் திரும்பத் திரும்ப முயலும்போது அப்படிக் கேட்கும். எக்செல் திறந்ததும் ஹேங் ஆகி நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். கெட்டுப்போன ஓர் இடத்தைப் படிக்க டிஸ்க் பல நொடிகள் மல்லுக்கட்டும். அதுவரை விண்டோஸ் வாய்மூடிக் காத்திருக்கும். மவுஸ் அம்பு மட்டும் நகரும், வேறெதுவும் நடக்காது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

இந்த நிலையில் ஃபார்மட் போட யாரையும் விடாதீர்கள். ஃபார்மட் போட்டால் உங்கள் பண்ணைக் கணக்கு போய்விடும், டிஸ்க்கின் கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். புது விண்டோஸ் ஏற்றிய சந்தோஷம் சில வாரம் நீடிக்கும், பிறகு மறுபடி அதே டக் டக். ரிப்பேர் கடைக்குப் போனால் டிஸ்க்கைச் சோதிக்காமலே முதலில் காதில் விழுவது ஃபார்மட் என்ற சொல்லாகத்தான் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பத்து வருடக் கணக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்காமல் அப்படிச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நீங்கள் செய்யவேண்டியது இது. 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று, அல்லது உறவினர் யாரிடமாவது இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில், வெயில் ஏறுவதற்குள் லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். எத்தனை நேரம் எடுத்தாலும் காத்திருங்கள். வேறெதையும் திறக்காமல் கணக்கு ஃபைல்களை முதலில் காப்பி எடுங்கள். அவை அளவில் சின்னவை, சில நிமிடத்தில் வந்துவிடும். அடுத்து அப்பாவின் தமிழ் ஃபைல்கள். கூடவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். படங்கள், வீடியோக்கள் எல்லாம் கடைசியில். ஏதாவது ஒரு ஃபைலில் காப்பி சிக்கி நின்றால் அதோடு போராடாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். காப்பி முடிந்ததும் பென் டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிக் கணக்கைத் திறந்து பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். இன்னொரு பிரதியை கூகுள் டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை டீஃபிராக், செக் டிஸ்க் இரண்டையும் ஓட்டாதீர்கள். நல்ல டிஸ்க்குக்கு அவை பழுது பார்க்கும் கருவி. சாகக்கிடக்கும் டிஸ்க்குக்கு மணிக்கணக்கான கூடுதல் உழைப்பு, அந்த உழைப்பிலேயே உயிர் போய்விடும். விண்டோஸே வராமல் போனால் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கலாம். அங்கேயும் டக் டக் மட்டும் கேட்டு டிஸ்க் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு, டேட்டா ரெக்கவரி என்று தனியாகவே செய்கிறவர்களிடம் கொடுங்கள். சேலத்திலும் கோவையிலும் விசாரித்துப் பாருங்கள். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

காப்பி எடுத்த பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். முதலாவது, டிஸ்க்கில் கெட்டுப்போய் மாற்று கொடுக்கப்பட்ட இடங்கள். இரண்டாவது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. மூன்றாவது, திருத்த முடியாதவை. அந்த மூன்றில் எதற்காவது நேராகக் கடைசியில் இருக்கும் எண் பூச்சியமாக இல்லையென்றால், கடைக்காரரிடம் அந்தத் திரையைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். பேச்சு ஃபார்மட்டிலிருந்து டிஸ்க்குக்கு மாறிவிடும்.

இனி, இந்த லேப்டாப்புக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்வி. செய்யலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் அளவாக. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாகக் கொள்முதல் செய்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் பிள்ளைகளின் கைக்குப் போயின. அதில் உங்களுக்கொரு நன்மை இருக்கிறது. ஒரே மாடல் லட்சக்கணக்கில் இருப்பதால் கீபோர்டு, ஃபேன், பேட்டரி, கீல் போன்ற பாகங்கள் மாவட்டத் தலைநகரக் கடைகளில் இன்னும் கிடைக்க வாய்ப்புண்டு. அந்தக் காலத்து லேப்டாப் திருப்புளியால் திறக்கக்கூடியது. பெரும்பாலானவற்றில் பேட்டரியைத் தள்ளித் தனியே எடுக்கலாம். ரேமும் டிஸ்க்கும் கழற்றி மாட்டுகிற ரகம். இன்று கடையில் மெல்லிசாகக் கிடைக்கும் பல லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கெட்டால் போர்டையே மாற்றவேண்டும். அந்த விதத்தில் உங்களுடையது பழுது பார்க்கத் தோதான லேப்டாப்.

செலவில் முதல் இடம் எஸ்எஸ்டிக்கு. இப்போதுள்ள டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வதாக இருக்கும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவலைத் தேடிப் பொறுக்கவேண்டி வந்தால் அதனால் ஒரு நொடியில் நூறு இடத்தைக்கூட எட்ட முடியாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களை எட்டும். கால் மணி நேரம் ஆகிற தொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் வரும் என்று நம்பிச் செலவு செய்யலாம். கடையில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன் என்று கேட்டு வாங்குங்கள். எம்.2 என்று சின்னப் பட்டையாக ஒன்று இருக்கும், அந்தக் காலத்து லேப்டாப்பில் அதற்குப் பொதுவாக இடம் கிடையாது. 240 அல்லது 256 ஜிபி உங்கள் வேலைக்குத் தாராளம்.

அடுத்தது ரேம். அந்த ஆண்டுகளில் கொடுத்தவற்றில் 2 ஜிபி ரேம் சகஜம். இன்றைய பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் அதுவே தீர்ந்துவிடும். தீர்ந்ததும் லேப்டாப் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்தப் பார்க்கும், அதனால் வேகம் இன்னும் விழும். காலி ஸ்லாட் இருந்தால் 4 ஜிபி சேர்த்துக்கொள்ளுங்கள். டிடிஆர் 3, டிடிஆர் 3 எல் என்று இரண்டு ரகம் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட்டிலும் ஓடும். பழைய ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்து அதே ரகம் வாங்குங்கள். பழைய ரேம் ஒன்று செகண்ட்ஹேண்டாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், சுழலும் டிஸ்க் போல ரேம் தேய்கிற பொருள் இல்லை.

தேதி 2012-க்கு ஓடிப்போவது கேட்கப் பெரிய கோளாறாக இருந்தாலும் உங்கள் பட்டியலிலேயே மிக மலிவாகத் தீரக்கூடியது. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரம் ஓடுவதற்கு உள்ளே காசு வடிவில் ஒரு செல் இருக்கிறது. சிஆர் 2032, மூன்று வோல்ட். பத்து வருடத்தில் அது காலியாகிவிட்டது, அவ்வளவுதான். பேங்க் வெப்சைட் திறக்காததற்கும் அந்தத் தேதிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒவ்வொரு வெப்சைட்டும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் லேப்டாப் 2012 என்று நம்பிக்கொண்டிருப்பதால், இன்னும் பிறக்காத சான்றிதழாக அது தெரிகிறது, பிரவுசர் கதவைச் சாத்திவிடுகிறது. புது செல் வரும்வரை ஒவ்வொரு முறையும் தேதியைக் கையால் திருத்திவிட்டு பேங்க் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கணக்கு ஃபைலில் தேதி தானாக விழும்படி வைத்திருந்தால் இதுவரை எழுதியதில் தேதி தவறியிருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த செல்லை சில மாடலில் அப்படியே நெம்பி எடுக்கலாம். பல லேப்டாப்பில் இரண்டு சின்ன ஒயரோடு, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு இருக்கும். ஒயரோடு சேர்ந்தே விற்கிறது. செல்லின்மேல் நேரடியாகச் சால்டர் வைக்க விடாதீர்கள், சூட்டில் அது வெடிக்கக்கூடும்.

இனி சூடு. உங்கள் கடிதத்தில் கோழிப்பண்ணை என்று படித்ததுமே இதைத்தான் நினைத்தேன். தீவனம் அரைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓடும் லேப்டாப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது வீட்டுத் தூசி போல இருக்காது. மக்காச்சோள மாவும் சோயாப் புண்ணாக்குத் தூளும் இறகுத் துகளும் ஈரத்தில் ஊறி, ஃபேனுக்கும் அதன் எதிரே உள்ள செம்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு போல ஒரு பட்டையாக அடைத்துக்கொண்டிருக்கும். விரலால் உரித்து எடுக்கலாம், கிழியாமல் முழுசாக வரும். கிழங்கு மில் பக்கம் வைத்திருந்தால் மரவள்ளி மாவு, அது இன்னும் மோசம், பசையாகவே இறுகிவிடும். சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் ஃபேன் இரைகிறது, உள்ளே நூறு டிகிரியை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லேப்டாப்பையே அணைத்துவிடுகிறது. அதனால்தான் மத்தியானத்தில் மட்டும் நிற்கிறது.

வெளியிலிருந்து ஊதினால் இந்தப் பட்டை போகாது. தகட்டோடு இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஃபேனைக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். கழற்றும்போது பிராசசரின்மேல் உள்ள பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அது காய்ந்து சுண்ணாம்பாகப் பொரிந்திருக்கும். நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் லாரி பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும் பஞ்சமில்லை என்பதால் சிலர் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் பிடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், அதன் வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். கையால் அழுத்தும் ஊதுகுழலும் மென்மையான பிரஷ்ஷும் போதும், ஊதும்போது ஒரு குச்சியால் ஃபேன் இதழைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் கவனிக்க வேண்டியது. அது செம்பையும் பித்தளையையும் மெல்ல அரிக்கும். ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை என்ற நிலை பண்ணை லேப்டாப்பில் வந்தால் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, கிளிக்கென்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள். செலவே இல்லாமல் டிஸ்ப்ளே வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. முடிந்தால் லேப்டாப்பைப் பண்ணை ஷெட்டிலிருந்து வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஷெட்டில் நோட்டில் குறித்து வந்து, மாலையில் வீட்டில் வைத்து ஏற்றினால் அதன் ஆயுள் நீளும்.

ஷாக் விஷயத்தைச் சின்னதாக எண்ணவேண்டாம். இதில் இரண்டு வகை இருக்கிறது. அடாப்டருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிகமிகக் குறைந்த மின்சாரம் லேப்டாப்பின் உலோகப் பாகம்வரை வரும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் உங்கள் கைவழியாகப் போகப் பார்க்கும். விரலை மெல்ல ஓட்டினால் சுருசுருவென்று ஓர் அதிர்வு. இது ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த் இல்லை என்று சொல்லிக் காட்டுகிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா, எர்த் பின்னை யாராவது வெட்டி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அடாப்டர் ஒயரே இரண்டு பின் என்றால் அதில் எர்த் வழியே கிடையாது, அந்தச் சுருசுருப்பு இருந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது வகை ஆபத்தானது. நீங்கள் சுருக்கென்று என்று எழுதியிருப்பதால் கேட்கிறேன், தோட்டத்து மோட்டாரோ வீட்டு கிரைண்டரோ ஓடும்போது மட்டும் ஷாக் கூடுகிறதா? கூடினால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. வேறொரு சாமானில் கசியும் மின்சாரம் எர்த் ஒயர் வழியே திரும்பி உங்கள் கைக்கு வருகிறது. அது சரியாகும்வரை லேப்டாப்பைத் தொடாமல், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பலவீனம். உங்கள் பக்கத்து மண் பங்குனி சித்திரையில் வறண்டு இறுகிவிடும். வறண்ட மண்ணில் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடை முழுக்க அடிக்கடி தண்ணீர் ஊற்றிவரச் சொல்வது அதற்காகத்தான். மெயினில், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று இல்லையென்றால் லேப்டாப் செலவுக்கு முன்னால் அதைப் போட்டுவிடுங்கள். ஈரத்தில் நின்று வேலை செய்கிற பண்ணைக்கு அது கட்டாயம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதை அது தாங்கிக்கொள்ளும், தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. இடியைத் தாங்காது. கொல்லிமலை அடிவாரத்தில் கோடைமழை இடியோடுதான் இறங்குகிறது. மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இன்டர்நெட் ஒயர் மாட்டியிருந்தால் அதையும்.

ஒயரைப் பிடுங்கியதும் அணைவது பேட்டரி தீர்ந்துவிட்டதன் அடையாளம். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ நடுவில் புடைத்திருந்தாலோ உடனே கழற்றி வெளியே வையுங்கள், குத்தவோ அமுக்கவோ கூடாது, பழைய இரும்புக்குப் போடவும் கூடாது, தீப்பிடிக்கும். உப்பாத பேட்டரி என்றால் புதிது வாங்க அவசரமில்லை. கழற்றிவிட்டு அடாப்டரிலேயே ஓட்டலாம். கரண்ட் போனால் எழுதியது போகும் என்பதால் சில வரிக்கு ஒருமுறை சேவ் செய்யும் பழக்கம் மட்டும் வேண்டும். அடாப்டரை மாற்ற நேர்ந்தால் வோல்ட் அதே எண்ணாக இருக்கவேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னை ஒரு கோணத்தில் சாய்த்தால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் கோளாறு லேப்டாப்பில் அந்தப் பின் செருகும் டிசி ஜாக்கில். அதற்காகப் புது அடாப்டர் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

அப்பாவின் தமிழ் ஃபைல்கள் கெட்டுப்போகவில்லை, பத்திரமாக இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்த்தியே ஃபான்ட் செய்தார்கள். வானவில், பாமினி எல்லாம் அந்த வகை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும்தான், அந்த ஃபான்ட் இருந்தால் தமிழாகத் தெரியும். லேப்டாப்பில் ஃபான்ட் அழிந்ததாலோ, வேறு ஃபான்ட்டில் திறப்பதாலோ கிறுக்கலாகிறது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒருவேளை அது அங்கேயே கிடக்கலாம். ஃபைலைத் திறந்து எழுத்து முழுவதையும் தேர்ந்து அந்த ஃபான்ட்டை வைத்துப் பாருங்கள். எந்த ஃபான்ட் என்று அப்பாவுக்கு நினைவிருந்தால் கேளுங்கள். பிறகு என்எச்எம் கன்வெர்ட்டர் அல்லது சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி வழியே யூனிகோடாக மாற்றிச் சேமித்துவிட்டால் போனில்கூடப் படிக்கலாம். முதலில் ஒரே ஒரு பக்கத்தை மாற்றி, ஒகரமும் ஓகாரமும் சரியாக வந்திருக்கிறதா என்று அப்பாவிடம் காட்டிவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கடைசியாக, எஸ்எஸ்டியில் எந்த ஓஎஸ் ஏற்றுவது? விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. 2023 பிப்ரவரியில் வந்த குரோம் 110 முதல் விண்டோஸ் 7-லும் 8-லும் புது குரோம் ஏறாது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 கடைசி நாளாகிவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். உங்கள் லேப்டாப் அந்தக் கணக்குக்குள் வராது. குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். பேங்க் வேலை பார்க்கிற லேப்டாப்பில் திருட்டு விண்டோஸும் குறுக்குவழியும் வேண்டாம்.

என் பரிந்துரை லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு. இலவசம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, நீங்கள் அதைப் பார்த்திருக்கலாம். அந்தப் பழைய பாஸுக்குத் திரும்பவேண்டாம், அதுவும் காலாவதியானதுதான். எக்செல் கணக்கை லிப்ரெ ஆபீஸ் திறக்கும். கூட்டல் கழித்தல் சூத்திரங்கள் அப்படியே வேலை செய்யும், மேக்ரோ ஏதாவது எழுதி வைத்திருந்தால் மட்டும் தகராறு செய்யலாம். பேங்க் பக்கம் ஃபயர்ஃபாக்ஸில் திறக்கும். தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கான வழிகாட்டிகளைத் தமிழிலேயே கணியம் இதழில் படிக்கலாம். நேராக டிஸ்க்கில் ஏற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். டேலி என்ற கணக்கு மென்பொருளை வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும் முதலிலேயே யோசியுங்கள், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது.

கடைக்குப் போகும்போது இப்படிக் கேளுங்கள்: எஸ்எஸ்டி மாற்றவேண்டும், ரேம் 4 ஜிபி சேர்க்கவேண்டும், ஃபேன் கழற்றிச் சுத்தம் செய்து பேஸ்ட் வைக்கவேண்டும், கடிகார செல் மாற்றவேண்டும். எல்லாம் ஒரே தடவை திறப்பதில் முடிகிற வேலை, நாலு தடவை கூலி கொடுக்கத் தேவையில்லை. பழைய டிஸ்க்கைக் கையில் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் கணக்கும் பாஸ்வேர்டுகளும் அதில் இருக்கின்றன. மொத்தச் செலவு, கம்பெனிகளிலிருந்து கழித்து விற்கும் எட்டாம் தலைமுறை செகண்ட்ஹேண்ட் லேப்டாப் ஒன்றின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிட்டு அதை விசாரியுங்கள். போர்டு போய்விட்டது, சிப் மாற்றவேண்டும் என்று உறுதியானாலும் அப்படித்தான், பன்னிரண்டு வருடப் போர்டில் பணம் போடவேண்டாம். எஸ்எஸ்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வாருங்கள். அடுத்த லேப்டாப்பில் 2.5 அங்குல டிஸ்க்குக்கு இடம் இருந்தால் அதிலும் பொருந்தும், ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டால் வெளி டிஸ்க்காகவும் ஓடும். பேட்டரி அப்படி வேறெதற்கும் ஆகாது. அதனால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள், லேப்டாப் இரண்டு மாதம் தொந்தரவில்லாமல் ஓடியபிறகு பேட்டரியை வாங்கிக்கொள்ளலாம்.